தொண்ணூறும் முப்பதும்

பனிச்சறுக்கு என்றதும் மலைச்சரிவில் பாய்ந்திறங்கும் வீரர்களே நம் நினைவுக்கு வருவர். வட ஐரோப்பியரின் தொன்மையான சறுக்கு அதுவன்று. நீண்ட மெல்லிய பலகைகளைக் காலில் பூட்டி, கோலூன்றி உந்தி, மேடும் பள்ளமுமான காட்டுவழியைக் கடப்பதே அது. இந்த நெடுவழிச் சறுக்கில் 50 கிலோமீட்டரும் அதற்கு மேலும் நீளும் மராத்தான்களுக்கே பெருமை அதிகம். நடுவயதில் ஒருவர் குறுகிய பந்தயத்தைத் தேர்ந்தால் அதைப் பின்வாங்கலாகவே பலரும் காண்கின்றனர். இப்பெருமை எங்கிருந்து வந்தது?

சுவீடனின் வாசாலோப்பெட் பந்தயம் 90 கிலோமீட்டர் நீளமுடையது. அந்த அளவை வகுத்தது உடலியல் அன்று, ஒரு கதை. 1520-21 குளிர்காலத்தில் டென்மார்க் மன்னனின் படைக்கு அஞ்சி குஸ்தாவ் வாசா நார்வே நோக்கித் தப்பினார் என்றும், மூராவிலிருந்து சறுக்கிச் சென்ற இருவர் சேலன் அருகே அவரை எட்டிப்பிடித்துத் திரும்ப அழைத்துவந்தனர் என்றும் மரபு கூறும். 1523இல் அவர் அரசரானார். அவர் திரும்பிய வழியே 1922இல் பந்தயத் தடமாயிற்று. ஓர் அரசரின் பயணத்தை அளவுகோலாகக் கொண்டால் அதில் ஒரு கிலோமீட்டரையும் குறைக்க மனம் வராதுதான்.

ஆனால் குறும்பந்தயம் பின்னாளில் கிடைத்த சலுகை அன்று. 1924இல் ஷமோனி நகரில் நடந்த முதல் குளிர்கால ஒலிம்பிக்கிலேயே 18, 50 கிலோமீட்டர் என இரு போட்டிகளும் அருகருகே இருந்தன. நார்வேயின் தோர்லீஃப் ஹௌக் இரண்டிலும் வென்றார். குறைந்த தூரம் குறைந்த திறம் என்று அன்று எவரும் கருதியிருக்க முடியாது.

பெண்களின் வரலாறு இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. 1923இல் மார்கித் நூர்டின் வாசாலோப்பெட்டை முழுதும் கடந்தார். மறு ஆண்டே பெண்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. 1981இல்தான் வழி திறந்தது. ஒலிம்பிக்கில் அவர்களுக்கு முதற்போட்டி கிடைத்தது 1952இல், அதுவும் 10 கிலோமீட்டரே. பின்லாந்தின் லிடியா விடெமன் அதில் வென்றார். உலகக் கோப்பையில் ஆண், பெண் தூரங்கள் சமமானது 2022-23 பருவத்தில்தான். எனினும், 90 கிலோமீட்டரும் திறந்துவிட்ட பின்னர், 1988இல் தொடங்கிய 30 கிலோமீட்டர் மகளிர் பந்தயமான ச்யேய்வாசானைப் பெண்கள் பலர் விரும்பியே தேர்ந்தனர். பிறர் விதித்த குறுமை வேறு. தாமே தேர்ந்த குறுமை வேறு. முன்னதில் அவமதிப்பு உண்டு; பின்னதில் இல்லை.

வாசாலோப்பெட்டில் முன்னணி வீரர்களுக்கு நான்கு மணி நேரம் போதுமானது. பணியும் குடும்பமும் உள்ள எளியவருக்கோ அது ஒரு பகல் முழுவதையும் விழுங்கும். அதற்கான பயிற்சி பல மாத மாலைகளைக் கேட்கும். 30 கிலோமீட்டரில் அவர் இறுதிவரை விரையலாம். சறுக்கின் நயம் குலையாமல் முடிக்கலாம். 90 கிலோமீட்டரின் பின்பாதியிலோ தாக்குப்பிடிப்பதே பலருக்கு வேலையாகிவிடும். தன் வாழ்வு எவ்வளவு தாங்கும் என்பதை அறிந்து தூரத்தை வகுத்துக்கொள்வதைப் பின்வாங்கல் என நாம் ஏன் அழைக்க வேண்டும்? ஓர் அரசர் திரும்பிய வழி அவருடைய அளவு. நம்முடைய அளவை நாமே வகுத்துக்கொள்ளலாம்.