காடழித்தவனுக்கா காடு?

அண்மையில் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் முடிந்தபின், பாலிங் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டி ஓய்ந்த பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "காட்டை அழிச்சுத் தோட்டமாக்குனது நாம. தோட்டத்தை வித்தப்ப நமக்கு ஒரு துண்டு நிலங்கூட இல்ல. இது என்ன நியாயம் டீச்சர்?"

நம் பெற்றோர் பலரும் கேட்கும் கேள்விதான். இதனுள் பழைய தத்துவம் ஒன்று பொதிந்துள்ளது. நிலத்தில் உழைப்பைக் கலந்தவனுக்கே நிலம் உரியது என ஆங்கில அறிஞர் ஜான் லாக் 1689ஆம் ஆண்டிலேயே வாதிட்டார். தாராளவாத அரசியல் கோட்பாட்டின் அடித்தளங்களுள் ஒன்றாக அது போற்றப்படுகிறது. ஆயினும் அதே அத்தியாயத்தில் வேறு இரு கருத்துகளும் உள்ளன. வேலையாளின் உழைப்பு எசமானனின் கணக்கிலேயே சேரும் என்பது ஒன்று. உழப்படாத நிலம் வெறும் பாழ்நிலம் என்பது மற்றொன்று. முதற்கருத்து நம்மை வெளியே தள்ளியது. இரண்டாவது யாரைத் தள்ளியது?

1909ஆம் ஆண்டு சயாமின் மேலாண்மையிலிருந்து கெடா பிரிட்டிஷார் கைக்கு மாறியது. அதனையொட்டிய ஆண்டுகளில் சுங்கை பட்டாணி, கூலிம், பாலிங் வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. கங்காணிகள் அழைத்துவர நம் பாட்டன்மார் கப்பலேறினர். அந்நாளில் இந்நாட்டுக் காடுகள் ஆளற்றுக் கிடக்கவில்லை. பாலிங்கின் உலு லெகோங் பகுதியில் இன்றும் வாழும் கென்சியு பூர்வகுடியினர், வேட்டையாடியும் கிழங்ககழ்ந்தும் காட்டில் இடம்பெயர்ந்து வாழ்ந்தவர்களின் வழித்தோன்றல்கள். ஏர் பிடிக்காத அவர்களுக்கு லாக்கின் கணக்கில் ஒரு முழ நிலமும் இல்லை. தோட்டத்துப் பெரியவர்கள் அவர்களைச் 'சாக்காய்' என்பார்கள். நம்மைக் 'கூலி' என்று பிறர் அழைத்தபோது வலித்ததே, அதைப் போன்ற இழிசொல் அது. வகுப்பில் அச்சொல்லை நான் அனுமதிப்பதில்லை.

இக்கணக்கு வெகுகாலம் செல்லுபடியானது. 1954ஆம் ஆண்டுப் பூர்வகுடிகள் சட்டத்தின் கீழும், அவர்களுக்கு நிலத்தில் குடியிருக்கக் கிடைக்கும் உரிமை, எப்போது வேண்டுமானாலும் வெளியேற்றப்படக்கூடிய குடியானவனின் உரிமைக்கு மேற்பட்டதன்று. 1992ஆம் ஆண்டு மாபோ வழக்கில்தான், 'ஆளற்ற நிலம்' என்ற கருத்தை ஆஸ்திரேலிய உச்ச நீதிமன்றம் தள்ளியது. அத்தீர்ப்பின் சிந்தனை நம் நாட்டுக்கும் வந்தது. கே.எல்.ஐ.ஏ. விமான நிலையத்திற்குச் செல்லும் நெடுஞ்சாலைக்காக, டெங்கில் அருகே புக்கிட் தம்போயில் தெமுவான் மக்களின் நிலம் எடுக்கப்பட்டது. மரங்களுக்கும் பயிர்களுக்கும் வீடுகளுக்கும் மட்டுமே இழப்பீடு, மண்ணுக்கு இல்லை. சகோங் தாசியும் மற்ற அறுவரும் வழக்காடினர். 2002இல் ஷா ஆலம் உயர் நீதிமன்றமும், 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் நிலத்தின் மீதே அவர்களுக்கு உரிமையுண்டு எனத் தீர்ப்பளித்தன. மேல்முறையீட்டுத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கோபால் ஸ்ரீராம்.

கனடியத் தத்துவ அறிஞர் வில் கிம்லிக்கா, தாராளவாதத்திற்குள்ளேயே இதற்கு இடம் தேடினார். தன் பண்பாடு அழிந்துவிட்டால் ஒருவன் எதைக்கொண்டு தன் வாழ்வைத் தெரிவு செய்வான் என்பது அவர் வாதம். ஆனால் நமக்கு இடறும் பகுதியொன்றும் அதில் உண்டு. பூர்வகுடியினருக்குத் தன்னாட்சி உரிமை. விரும்பிக் குடியேறியவர்களுக்கு அதனினும் குறைந்த உரிமைகள். கடனிலும் பஞ்சத்திலும் கங்காணியை நம்பி வந்தவர்களை 'விரும்பி வந்தவர்கள்' என்பதா? அவர் வகுத்த இரு பெட்டிகளிலும் நாம் சரியாக அடங்கவில்லை என்றே நான் கருதுகிறேன்.

பெரியவரிடம் இவ்வளவும் கூறவில்லை. "ஐயா, உழைத்தவனுக்குத்தான் நிலம் என்றால் கென்சியுகாரருக்கு ஒன்றுமில்லை, முதலில் வந்தவனுக்குத்தான் என்றால் நமக்கு ஒன்றுமில்லை" என்றேன். சற்று நேரம் பேசாதிருந்தார்.

"அவங்க பிள்ளைங்க எந்த மொழியில படிக்குது?" என்றார்.

மலாயில் என்றேன். கென்சியு மொழி பேசுவோர் சில நூறு பேரே. நம் தமிழ்ப்பள்ளியின் மாணவர் எண்ணிக்கையைப் பற்றித்தான் அன்றைய கூட்டத்தில் இரண்டு மணி நேரம் கவலைப்பட்டிருந்தோம்.