தாது வருஷமும் பசிபிக் காற்றும்

எங்கள் சேலம் பக்கத்தில் தாது வருஷம் என்றாலே பஞ்சம்தான். தட்டில் சோற்றை மிச்சம் வைத்தால், "தாது வருசத்துல கள்ளிப்பழம் தின்னு பொழச்ச வம்சம் சாமி நாம" என்பார் அப்பாயி. அது அவர் பாட்டி வழியாக வந்த பேச்சு.

1876 ஐப்பசி, கார்த்திகை மழை பொய்த்தது. அடுத்து வந்த ஈஸ்வர வருஷத்தில் ஆடி மாதமும் வறண்டே போனது. ஏன் என்று அன்று சொல்லத் தெரிந்தவர் யாருமில்லை. பசிபிக்கில் பூமத்தியரேகையை ஒட்டிக் கிழக்கிலிருந்து மேற்காக வீசும் காற்று, வெதுவெதுப்பான மேல்நீரை இந்தோனேசியாப் பக்கம் ஒதுக்கி வைக்கும். அந்தச் சூட்டின் மேல்தான் மேகம் திரளும். காற்று தளர்ந்தால் அந்த நீர் பெரு நாட்டுக் கரையை நோக்கித் திரும்பும். மேகமும் கூடவே போய்விடும். நம் பக்கம் காற்று மேலெழாமல் கீழே அமுங்கும், தென்மேற்குப் பருவமழை மெலியும். இதுதான் எல் நினோ. 1877இல் வந்தது மிகக் கடுமையான ஒன்று. போதாக்குறைக்கு இந்தியப் பெருங்கடலும் நிலைமாறிக் கிடந்தது. அதே ஆண்டுகளில் வடசீனம் காய்ந்தது, பிரேசிலின் சியாரா மாநிலம் காய்ந்தது.

இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவர் பிளான்ஃபோர்ட், அந்தக் காலத்துக் காற்றழுத்தம் ஆசியாவில் மிகப் பரந்த நிலப்பரப்பில் உயர்ந்திருந்ததைக் கவனித்து எழுதினார். 1904இல் அத்துறையின் தலைமைக்கு வந்த கில்பர்ட் வாக்கர் கணித மேதை. பல நாட்டு அழுத்த, மழைக் கணக்குகளை இந்திய குமாஸ்தாக்கள் கையால் கூட்டிப் பெருக்கித் தர, பசிபிக்கில் அழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடலில் இறங்கும் என்ற தராசை அவர் கண்டுபிடித்தார். அந்தக் குமாஸ்தாக்களின் உழைப்பை எண்ணும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கிறது. அந்தத் தராசைக் கடலின் வெப்பத்தோடு வானிலையியலாளர் பியர்க்னஸ் இணைத்துக் காட்டியது 1969இல்.

ஆனால் மழையை நிறுத்தியது கடல் என்பதால், மக்களைச் சாகவிட்டதும் கடல்தான் என்று யாரும் சொல்லக் கூடாது. 1877 ஜனவரி முதல் தேதி, விக்டோரியாவைப் பேரரசியாக அறிவிக்க வைஸ்ராய் லிட்டன் பிரபு டில்லியில் தர்பார் கூட்டினார். அதே மாதம் அவரது அரசின் பஞ்சப் பிரதிநிதியாக ரிச்சர்ட் டெம்பிள் சென்னை மாகாணத்துக்கு வந்து நிவாரணக் கூலியை வெட்டினார். நாள் முழுக்க மண் சுமக்கும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியம், ஓர் அணா. ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோகூட இல்லை. மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ், இது உயிர் தாங்காது என்று அடித்துச் சொன்னார். அதன் பிறகே கூலி ஓரளவு உயர்ந்தது. கோதுமையோ இங்கிலாந்துக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தது. இந்தியாவில் இறந்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல்.

அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி, சுமார் 8 கிலோமீட்டர், 1877-78இல் இந்தப் பஞ்சக் கூலிகள் வெட்டியது. அன்றைய ஆளுநரின் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. இன்று பறக்கும் ரயிலின் தூண்கள் அதற்குள் நிற்கின்றன. வெட்டியவர்களின் நினைவாக அந்தக் கரையில் ஒரு கல்லை நட வேண்டும். மாநகராட்சி இதைச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.