ஜோமோவுக்கு ஒரு ஊர்ப் பெயர்

சொற்களுக்குப் பிறந்த தேதி தெரிவது அபூர்வம். ஜோமோ (joy of missing out) என்ற சொல்லுக்கு அது தெரியும். 2012 ஜூலையில் அனில் தாஷ் என்ற அமெரிக்கர் எழுதிய ஒரு குறிப்பில் அது பிறந்தது. அவருடைய வீட்டில் ஒரு சின்னக் குழந்தை. வெளியே கச்சேரி, விருந்து, நண்பர் கூட்டம் எல்லாம் அவர் இல்லாமலே நடக்கின்றன. போகாமல் இருப்பது வருத்தமாக இல்லை, சுகமாக இருக்கிறது. அந்தச் சுகத்துக்கு, ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த ஃபோமோவின் (fear of missing out) முதல் எழுத்தை மட்டும் மாற்றி, ஒரு பெயர் வைத்தார்.

ஃபோமோ பிறந்த வீடு வேறு. அது கடைத்தெருவில் பிறந்த குழந்தை. டான் ஹெர்மன் என்ற இஸ்ரேலிய விற்பனை ஆலோசகர் 1990களில் வாடிக்கையாளர்களின் பேச்சைக் கேட்டு, எதையாவது தவறவிட்டுவிடுவோமோ என்ற பயம்தான் இவர்களை வாங்கவைக்கிறது என்று கண்டார். 2000இல் அதை ஆய்விதழில் எழுதினார். சுருக்கப் பெயரை 2004இல் பரப்பியவர் ஹார்வர்டு வணிகப் பள்ளி மாணவர் பாட்ரிக் மெக்கின்னிஸ். ஃப்ளிக்கரைத் தொடங்கியவர்களில் ஒருவரான கேட்டரினா ஃபேக் 2011இல் அதைச் சமூக ஊடகத்தோடு முடிச்சுப் போட்டார். 2013இல் ஆக்ஸ்போர்டின் இணைய அகராதியில் ஏறியது. 2018 மே மாதம் கூகுள் மாநாட்டு மேடையில், ஃபோமோவை ஜோமோவாக மாற்றுவோம் என்று நம் சுந்தர் பிச்சை பேசினார். யூடியூபை நடத்துகிற நிறுவனம் ‘கொஞ்சம் ஓய்வெடுங்கள்’ என்று சொன்னபோது எத்தனை பேர் சிரித்தார்களோ, நான் சிரித்தேன்.

இந்த ஜோமோவைத் தமிழில் ‘தவறவிடும் மகிழ்ச்சி’ என்று எழுதுகிறார்கள். படித்தால் மருந்துச் சீட்டு மாதிரி இருக்கிறது. ஆனால் அந்தத் தொடருக்குள்ளேயே ஒரு நல்ல சொல் மறைந்து உட்கார்ந்திருக்கிறது: விடு.

புதுச்சேரியிலிருந்து கடலூர் சாலையில் தெற்கே போனால், ஆற்றுப் பாலம் தாண்டி அரியாங்குப்பம். அங்கே பேச்சைக் கவனித்துப் பாருங்கள். “எட்டு மணி பஸ்ஸ விட்டுட்டேன்” என்பார்கள். பஸ் போய்விட்டது என்று பொருள். “சிகரெட்ட விட்டுட்டேன்” என்பார்கள். அதே வினை, அதே விகுதி. ஆனால் இங்கே போனது சிகரெட் இல்லை, போகச் சொன்னவர் இவர். பக்கத்து வீராம்பட்டினத்தில் ஆடி ஐந்தாம் வெள்ளி செங்கழுநீர் அம்மன் தேர். பிரெஞ்சுக்காரர் காலத்து வழக்கப்படி இன்றைக்கும் துணைநிலை ஆளுநர் வடம் பிடிக்கிற தேர் அது. வேலை காரணமாக வர முடியாதவர் “இந்த வருஷம் தேர விட்டுட்டேன்” என்கிறார். ஃபேஸ்புக் கணக்கை மூடியவரும் “ஃபேஸ்புக்க விட்டுட்டேன்” என்கிறார். தவறியதும் துறந்ததும் ஒரே சொல். எது எது என்பதைச் சொல்கிறவரின் முகம்தான் காட்டிக்கொடுக்கும்.

‘தவறிப்போச்சு’ என்றும் தமிழில் சொல்லலாம். அதில் ஆள் இல்லை. பொருள் தானாக நழுவிவிட்டது. ‘விட்டுட்டேன்’ என்றால் ‘நான்’ உள்ளே வந்துவிடுகிறேன். ஓடிப்போன பஸ்ஸுக்குக்கூடப் பொறுப்பை ஏற்றுக்கொள்கிற வினை இது. ஜோமோ என்ற பெயரில் எனக்கு உள்ள குறையும் இதுதான். அதற்குள் ‘தவறுதல்’ இன்னும் இருக்கிறது. அதாவது, கூட்டம் எங்கே நடக்கிறது என்று அது இன்னமும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறது. ‘இன்றைக்கு நான் போனையே தொடவில்லை’ என்று ஸ்டேட்டஸ் வைப்பவர்களைப் பார்த்தால் புரியும்.

விடு ஒரு பெரிய குடும்பத்தின் தலைவர். விடுதலை, விடுமுறை, விடுதி, விடுகதை எல்லாம் அவர் பிள்ளைகள். கெடு கேடு ஆவதுபோல விடு வீடு ஆகிறது. இலக்கணத்தில் முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்பார்கள். அந்த வீட்டுக்கு இரண்டு பொருள். ஒன்று, வேலையை விட்டு வந்து சேர்கிற இடம். இன்னொன்று, எல்லாவற்றையும் விட்ட நிலை, அறம் பொருள் இன்பம் வீடு என்ற வரிசையில் கடைசியாக வருவது. வள்ளுவர் முதல் மூன்றுக்கும் பால் வகுத்தார், வீட்டுக்கு வகுக்கவில்லை. துறவுக்கு ஓர் அதிகாரம் உண்டு, 35ஆவது.

குடும்பத்தில் முரண்டு பிடிக்கிற பிள்ளைகளும் உண்டு. விடு என்றால் அனுப்பு என்றும் பொருள். தூது விடுவது அந்த வகை. ‘ஒரு மெசேஜ் விடு’, ‘மிஸ்டு கால் விடு’ என்பதெல்லாம் அதன் வாரிசுகள். பொய் சொல்பவனை ‘ரீல் விடுறான்’ என்று நாம் சொல்ல ஆரம்பித்தது இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் வருவதற்கு எவ்வளவோ முன்னால்! அதைவிட வேடிக்கை, விடுப்பு. இங்கே விடுப்பு என்றால் அலுவலகத்துக்கு மட்டம் போட எழுதிக்கொடுத்து வாங்குகிற லீவு. யாழ்ப்பாணத்தில் விடுப்பு என்றால் அடுத்த வீட்டில் என்ன நடக்கிறது என்று அறியத் துடிக்கிற ஆவல். விடுப்புப் பார்க்கிறது, விடுப்புக் கேட்கிறது என்பார்கள். ஃபோமோவுக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் எனக்குத் தெரியவில்லை. கடலுக்கு இந்தப் பக்கம் ஓய்வு, அந்தப் பக்கம் வம்பு.

விடுப்புக்கு இரண்டு பொருள் என்றால், அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் இருக்கும் அரிக்கமேட்டின் பெயருக்கும் இரண்டு விளக்கம். ஆறு அரித்த மேடு என்பது ஒன்று. அங்கே இருந்த, உட்கார்ந்த நிலையிலான சிலையை வைத்து, அருகன் மேடு என்பது இன்னொன்று. சமணர் வணங்கும் அருகன் எல்லாவற்றையும் விட்டவர், என் கட்டுரைக்கு அழகாகப் பொருந்துவார். ஆனால் பொருத்தம் சான்று ஆகாது. ஆறு அரிப்பதை இன்றைக்கும் கண்ணால் பார்க்கலாம்.

தொல்லியலாளர் வீலர் 1945இல் இந்த மேட்டைத் தோண்டி உலகுக்குக் காட்டுவதற்கு வெகுகாலம் முன்னால், கரையில் ஊர்க்காரர்கள் பழைய பெரிய செங்கற்களைப் பொறுக்குவதைப் பார்த்து எழுதி வைத்தவர் லெ ஜான்தீய் என்ற பிரெஞ்சு வானியலாளர். தவறவிடுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. வெள்ளிக் கோள் சூரியனின் முகத்தைக் கடப்பதைப் புதுச்சேரியில் அளக்க 1760இல் பிரான்ஸிலிருந்து புறப்பட்டார். அவர் வருவதற்குள் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்துவிட்டார்கள். 1761 ஜூன் 6 அன்று கடல் நடுவே, ஆடும் கப்பலில், அளவெடுக்க வழியில்லாமல் பார்த்தார். அடுத்தது எட்டு வருடம் கழித்து. ஊர் திரும்பாமல் காத்திருந்தார். மணிலாவில் இருந்து அளக்க நினைத்தவரைப் புதுச்சேரிக்குப் போகச் சொல்லி உத்தரவு வந்தது. இடிந்த கோட்டையின் மேல் வானாய்வுக் கூடம் கட்டினார். 1769 ஜூன் 4 விடியற்காலை மேகம் மூடியது. கடப்பு முடிந்த பிறகு வெயில் பளிச்சென்று அடித்தது. மணிலாவில் வானம் தெளிவாக இருந்ததாம். இரண்டு வாரத்துக்கு மேல் அவருக்குப் பேனா எடுக்க மனம் வரவில்லை. 1771இல் ஊர் திரும்பினால், செத்துவிட்டார் என்று முடிவுகட்டி, சொத்தைப் பிரிக்க உறவினர்கள் தயாராக இருந்தார்கள்.

ஆனால் அந்தக் காத்திருப்பில் அவர் வேறொன்றைச் செய்தார். புதுச்சேரித் தமிழர்கள் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் நீளத்தைத் தமிழ்க் கணக்கில் போட்டுப் பார்த்தபோது பிழை 41 விநாடி. ஐரோப்பாவின் புகழ்பெற்ற வானியலாளர் மேயரின் அட்டவணையில் பிழை 68 விநாடி. 1761இல் வெள்ளியை ஒழுங்காக அளந்திருந்தால் அவர் அப்போதே ஊருக்குக் கிளம்பியிருப்பார். இந்தக் கணக்கும் அரிக்கமேட்டுச் செங்கல்லும் அவர் குறிப்பேட்டில் ஏறியிருக்காது.

மேகம் மூடிய அன்றைக்கு அவரிடம் புதுச்சேரியில் எவராவது என்ன சொல்லித் தேற்றியிருப்பார்கள் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. பரீட்சை போனாலும், பஸ் போனாலும், நண்பர்கள் நம்மை அழைக்காமல் மகாபலிபுரம் போய்ப் படம் போட்டாலும் தமிழர் சொல்வது அதைத்தான். ஆகவே பத்திரிகை நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ‘தவறவிடும் மகிழ்ச்சி’யைக் கைவிடுங்கள். ஜோமோவுக்குத் தமிழில் பெயர் வேண்டுமென்றால் ‘சரி விடு’ என்று எழுதுங்கள், யாருக்கும் அடிக்குறிப்பு தேவைப்படாது.