நொய்யலும் ஆடையும்

கொங்கு நாட்டின் மேற்கெல்லையில் வெள்ளியங்கிரி மலையில் தோன்றிக் கோவை, திருப்பூர், ஈரோடு வழியாகச் சென்று கரூர்ப் பகுதியில் காவிரியோடு கலப்பது நொய்யல். காஞ்சிமாநதி என்பது இதன் பழம்பெயர். பதிற்றுப்பத்துக் கூறும் கொடுமணம், இதன் கரையிலுள்ள இன்றைய கொடுமணலே என்பர் ஆய்வாளர். மணி கோத்தலும் இரும்பு உருக்குதலும் அங்கே சிறந்திருந்தமையை அகழாய்வு மெய்ப்பித்துள்ளது. தொழில் இவ்வாற்றுக்குப் புதிதன்று. ஆற்றைக் கொன்ற தொழிலே புதிது.

காந்தியடிகள் காலத்தில் திருப்பூர் கதருக்குப் பெயர்பெற்ற ஊர். கொடியேந்தி அடிபட்டுக் குமரன் 1932இல் உயிர் துறந்ததும் இங்கேதான். பின்னர்ப் பனியன் தொழில் வேரூன்றியது. 1970களின் இறுதியில் ஐரோப்பிய வணிகரின் வரவால் ஏற்றுமதி தொடங்கி, 1990களில் பெருகியது. பருவத்திற்கொரு மோஸ்தராக இருந்த மேனாட்டு ஆடை வணிகம், சில வாரங்களுக்கொரு மோஸ்தர் என்றாயிற்று. விலை குறைய வேண்டும், சரக்கு விரைய வேண்டும் என்பதே வாங்குவோர் விதித்த நிபந்தனை. விலையில் அடங்காத செலவை ஆறு ஏற்றது.

அஃது எவ்வாறெனில், பருத்தித் துணியில் சாயம் பற்றுவதற்கு உப்பு வேண்டும். ஆழ்ந்த நிறமாயின் லிட்டர் நீருக்கு ஏறத்தாழ 60 முதல் 80 கிராம் வரை இடுவர். சாயம் துணியோடு தங்கும். உப்போ தங்குவதில்லை, நீரோடு வெளியேறும். சுண்ணாம்பும் படிகாரமும் இட்டுத் தெளிய வைத்தால் நிறம் நீங்கும், உப்பு நீங்காது. கண்ணுக்குத் தெளிந்த நீர் பயிருக்கு நஞ்சாயிற்று. ரப்பர் ஆலைக் கழிவு ஓடையில் கலந்தால் எழும் நாற்றத்தைத் தோட்டத்து மக்கள் அறிவர். அதனைக் கட்டுப்படுத்த மலேசியாவில் 1978இல் விதிகள் பிறந்தன. உப்புக்கு நாற்றமும் இல்லை. ஆதலின் அதன் கேடு கிணற்றிலும் வயலிலும் வெளிப்பட நாளாயிற்று.

சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில் 1992இல் பாசனத்திற்கென ஓர் அணை திறக்கப்பட்டது. சில ஆண்டுகளில் அது சாயக்கழிவின் தேக்கமாயிற்று. நீருக்காக ஏங்கிய உழவரே அதில் நீர் தேக்க வேண்டா என வேண்டும் நிலை வந்தது. அணை வரலாற்றில் இத்தகைய வேண்டுகோள் அரிதினும் அரிது.

உழவர் நீதிமன்றம் ஏறினர். வேலூர்த் தோல் ஆலை வழக்கில், மாசு செய்தவனே ஈடு செய்க என்னும் நெறியை 1996இல் உச்ச நீதிமன்றம் நிலைநாட்டியிருந்தது. அவ்வழக்கின் வழியமைந்த ஆணையம் நொய்யல் உழவர்க்கும் இழப்பீடு கணித்தது. சொட்டுக் கழிவும் வெளியேறலாகாது என்ற ஆணை 2006இல் பிறந்தும் முற்ற நிறைவேறவில்லை. ஆகவே 2011 சனவரி 28இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூடப் பணித்தது. எழுநூற்றுக்கு மேற்பட்டவை மூடப்பட்டன. முதலில் பட்டினி கிடந்தவர் பட்டறைக் கூலிகளே. வாங்கிய அயல்நாட்டுக் கடைக்காரர் அவ்வழக்கில் ஒரு தரப்பினராகக்கூட நிற்கவில்லை. பட்டறைக்காரர் குற்றமற்றவர் அல்லர்; ஆயினும் பழி முழுவதையும் அவர்மேல் ஏற்றுவது நேர்மையாகாது.

ஆற்றின் கதை இவ்வாறாக, நூல் நூற்ற பெண்களின் கதை வேறு. சுமங்கலித் திட்டம் என்ற பெயரால் ஏழைக் குடும்பத்து இளம்பெண்கள் மூன்றாண்டுகள் மில் விடுதிகளில் தங்கி உழைத்தனர். திருமணத்திற்கெனத் திரண்ட தொகை இறுதியில் கிடைக்கும் என்பது உறுதிமொழி. இடையில் நோயுற்று வெளியேறியவர் பலர் அதனை இழந்தனர். மங்கலச் சொல்லொன்று இவ்வாறு கூலியொப்பந்தத்திற்குப் பெயரானது தமிழாசிரியர்கள் எண்ணத்தக்கது. கங்காணி முறையில் முன்பணம் பெற்றுக் கப்பலேறியோரின் வழித்தோன்றல்கள் நிறைந்த அம்பாங்கான் வட்டாரத் தோட்டங்களில், இத்திட்டத்தை எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் திருத்தப்பட்டுப் பட்டறைகள் மீண்டும் இயங்கலாயின. சவ்வுகள் வழியே வடித்தும் காய்ச்சியும் நீரை மீட்டனர். உப்பின் பெரும்பகுதியையும் மீட்டனர். மீளாத கலவையுப்பு மூட்டைகளாய் நிலையக் கொட்டகைகளில் குவிந்தது. அதனைக் கொட்டுவதற்கு இடம் தேடுவது அடுத்த வழக்காயிற்று.