ரிக்மன் மெட்டிஸ்

மெட்டிஸ் என்பது இங்கிலாந்தின் மண்தடப் பந்தய வீரர்களான டெரெக் ரிக்மன், டான் ரிக்மன் சகோதரர்கள் உருவாக்கிய கலப்பு மோட்டார் சைக்கிள். 1950களின் இறுதியில் இவர்கள் பிஎஸ்ஏ வண்டியின் சட்டகத்தில் டிரையம்ப் 500 சிசி என்ஜினை ஏற்றினர். கியர்பாக்ஸ் பிஎஸ்ஏ உடையது. முன்ஃபோர்க் நார்ட்டன் வண்டியிலிருந்து வந்தது. மெட்டிஸ் என்ற பிரெஞ்சுச் சொல் கலப்பினப் பெண்ணைக் குறிக்கும். ஒளிவுமறைவற்ற பெயர்தான்.

பின்னர் ரெனால்ட்ஸ் 531 எஃகுக் குழாய்களால் நிக்கல் முலாம் பூசிய சொந்தச் சட்டகத்தையே செய்தனர். என்ஜின் ஆயில் அந்தக் குழாய்களுக்குள்ளேயே நிரப்பப்பட்டதால் தனி ஆயில் டேங்க் தேவைப்படவில்லை. ஆனால் பிரிட்டனின் பெரிய நிறுவனங்கள் இவர்களுக்கு என்ஜின் தர முன்வரவில்லை. எனவே என்ஜின் இல்லாமலே, பாகங்களின் தொகுப்பாக விற்றனர். வாங்கியவர் தம் பழைய வண்டியின் என்ஜினைக் கழற்றி இதில் பொருத்திக்கொண்டார். நடிகர் ஸ்டீவ் மெக்குயினின் மெட்டிஸில் இருந்தது டிரையம்ப் 650 சிசி என்ஜின்.