இரைச்சலை அடக்கிய யோசனை

போளூரில் எங்கள் வீட்டு முன்னறையில் தெருக்கூத்துப் பாட்டுகளைக் கணினியில் பதிவு செய்கிறேன். முகவீணை ஓய்ந்ததும் அடியில் ‘ம்ம்ம்’ என்று ஓர் ஒலி நிற்கும். நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும்தான் அது.

டேப் காலத்தில் தொல்லை வேறு: காந்த நாடாவின் ‘ஸ்ஸ்’. அதை அடக்கும் யோசனை இந்தியாவில் உதித்தது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. அமெரிக்கப் பொறியாளர் ரே டால்பி 1963 முதல் 1965 வரை யுனெஸ்கோ ஆலோசகராகச் சண்டிகரில் இருந்தார். நம் இசையை ஒலிப்பதிவும் செய்தார். மெல்லிய ஒலியைப் பதியும்போது உயர்த்திவிட்டு, கேட்கும்போது அதே அளவு தாழ்த்தினால் நாடாவின் இரைச்சலும் கூடவே தாழும். இதுதான் அவர் கண்ட வழி. 1965இல் லண்டனில் நிறுவனம் தொடங்கினார். 1968இல் வீட்டுக் கருவிகளுக்கான ‘டால்பி பி’ வந்தது. பிறகு கேசட் டெக்குகளில் அந்தப் பெயரைப் பார்த்தோம்.

கணினி முனகலுக்கு அந்த வித்தை உதவாது. கணினியும் மிக்சரும் வெவ்வேறு பிளக்கில் இருந்தால் இரண்டு எர்த்துக்கும் இடையே சிறு மின்னோட்டம் சுற்றும். இரண்டையும் ஒரே பலகையில் செருகினால் பெரும்பாலும் அடங்கிவிடும். லேப்டாப் என்றால் சார்ஜரைக் கழற்றிப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் பேலன்ஸ்டு கேபிள்: ஒரே ஒலியை இரு கம்பிகளில் நேராகவும் தலைகீழாகவும் அனுப்பி, வழியில் ஒட்டிய இரைச்சலை முனையில் கழித்துவிடும். எர்த் பின்னை மட்டும் யாரும் வெட்டாதீர்கள், உயிருக்கே ஆபத்து.

பக்கத்து வீட்டுப் பட்டுத்தறியின் சத்தத்துக்கு எந்தக் கேபிளும் இல்லை. நெசவாளி சாப்பிட எழும் நேரத்தில்தான் பாடகரை உட்காரவைக்கிறேன்.