ஒட்டினால்தான் நோய்

ஒரே பானைத் தண்ணீரைக் குடித்த இருவரில் ஒருவருக்கு மட்டும் வயிற்றுப்போக்கு வருவது ஏன் என்று என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த பெண் ஒருத்தி கேட்டிருந்தாள். மனிதர்களில் இதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் பன்றிகளில் இதே கேள்விக்குத் தெளிவான விடை கண்ட வரலாறு ஒன்று இருக்கிறது. பன்றியா என்று முகம் சுளிக்காமல் படியுங்கள்.

பிறந்த சில நாட்களிலேயே பன்றிக்குட்டிகள் கழிச்சல் கண்டு, உடம்பின் நீர் வற்றிச் செத்துப்போகும். காரணம் ஈ.கோலை என்னும் பாக்டீரியா. நம் எல்லோர் குடலிலும் ஈ.கோலை உண்டு, பெரும்பாலும் சாது. அப்படியானால் இந்த ஈ.கோலைக்கு மட்டும் என்ன வந்தது?

டென்மார்க்கின் கோபன்ஹேகனில் ஆர்ஸ்கோவ் தம்பதியர், ஃப்ரிட்ஸும் ஈடாவும், 1961-இல் இந்தக் கிருமிகளின் மேல் கே88 என்ற புரதத்தைக் கண்டார்கள். 37 டிகிரி சூட்டில் வளர்த்தால் அது தோன்றும், 18 டிகிரியில் தோன்றாது. உடம்புக்குள் இருக்கிறோம் என்பது கிருமிக்குத் தெரிகிறது, பாருங்கள்! 1966-இல் இன்னொரு செய்தியும் சொன்னார்கள். இந்தப் புரதத்துக்கான மரபணு ஒரு கிருமியிலிருந்து இன்னொரு கிருமிக்குத் தாவக்கூடியது. பிளாஸ்மிட் என்னும் சிறு டி.என்.ஏ. வளையத்தில் அது இருந்தது.

1971-இல் இங்கிலாந்தில் வில்லியம்ஸ் ஸ்மித்தும் லிங்குட்டும் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. நோய் தரும் கிருமியிலிருந்து அந்த பிளாஸ்மிட்டை நீக்கினார்கள். குட்டிகளுக்குக் கழிச்சல் வரவில்லை. திரும்பச் சேர்த்தார்கள், வந்தது. நஞ்சு சுரக்கும் மரபணு தனியாக வேறொரு பிளாஸ்மிட்டில் இருந்தது. நஞ்சு மட்டும் இருந்தால் போதாது, பிடிமானமும் வேண்டும். காம்ப்டன் என்ற ஊரில் ஜோன்ஸும் ரட்டரும் அடுத்த ஆண்டே காரணத்தைக் காட்டினார்கள். கே88 உள்ள கிருமி சிறுகுடல் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. இல்லாதது குடல் நடுவே மிதந்து, அடித்துக்கொண்டு போய்விடுகிறது.

கதையின் மறுபாதி 1975-இல் வந்தது. அதே காம்ப்டனில் செல்வுட் குழுவினர் பல பன்றிகளின் குடல் செல்களில் கிருமியை விட்டுப் பார்த்தபோது, சில பன்றிகளில் அது ஒட்டவே இல்லை! கிருமி பற்றிக்கொள்ளும் இடமே அவற்றின் குடலில் இல்லை. மெண்டலின் பட்டாணி நினைவிருக்கிறதா? அதே கணக்குத்தான். ஒட்டவிடும் மரபணு ஓங்கியது, ஒட்டவிடாதது ஒடுங்கியது. தாயும் தகப்பனும் ஒட்டவிடாத வகை என்றால் ஈற்றுக் குட்டிகள் அத்தனையும் தப்பும்.

அப்படியானால் ஒட்டவிடாத தாய்ப் பன்றிகளையே வளர்த்தால் போதுமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். கிருமி ஒட்டாத தாய்க்கு அதை எதிர்க்கும் பொருள் உடம்பில் போதிய அளவு உண்டாவதில்லை, சீம்பாலிலும் இராது. அந்தத் தாய்க்கு ஒட்டவிடும் வகை ஆண் பன்றியைச் சேர்த்தால், தகப்பனைக் கொண்டு பிறக்கும் குட்டிகளுக்குப் பாதுகாப்பே கிடையாது. நோய்க்கு அதிகம் ஆளாகிறவை, நோயே வராத தாயின் பிள்ளைகள்தான்.

பண்ணைக்காரர்களுக்குக் கைகொடுத்தது வேறொரு வழி. சினைப் பன்றிக்குக் கே88 புரதத்தையே தடுப்பூசியாகப் போட்டால், பால் குடிக்கும் குட்டிகளின் சாவு குறைகிறது என்று ரட்டரும் ஜோன்ஸும் 1973-லேயே காட்டியிருந்தார்கள். கே88-ஐ இப்போது எஃப்4 என்கிறார்கள். குடலில் ஒட்டும் இடத்தைத் தீர்மானிக்கும் மரபணு, பன்றியின் 13-ஆம் குரோமோசோமில் இருப்பதாகப் பின்னாளில் கண்டறிந்தார்கள்.